புகைக்குக் கோடு போட்ட வருஷங்கள்

புகை எங்கே கிளம்புகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதுவும் புகையைப் பார்த்து இல்லை, அதன் படத்தைப் பார்த்து.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பாளையங்கோட்டையில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு எங்காவது டிரேசர் வேலை கிடைக்காதா என்று காத்திருந்தேன். டிரேசர் என்றால், பெரியவர்கள் வரைந்ததன் மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் படியெடுக்கிற ஆள். வேலை கிடைத்தது. படியெடுக்க வேண்டியதுதான் கட்டடமாக இல்லாமல் புகையாகப் போய்விட்டது. ராஜபாளையம் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். மேற்கு மலையில் கோடைதோறும் பிடிக்கிற தீயைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடித்து, நேரில் போய்ச் சரிபார்த்து, மேப்பில் குறிக்கிற ஒரு தற்காலிகத் திட்டம். மொத்தம் மூன்று பேர். அதிகாரி தேவசகாயம் சார். ஜீப் டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி. மூன்றாவது நான், சண்முகவடிவு.

"என்ன வேலை பாக்கே?" என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாத வேலையில் இருப்பவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டு விழித்திருப்பீர்கள். நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பாதகமில்லை.

சிவந்த மலை

முதல் நாள் காலையில் சார் ஒரு பெரிய படத்தைக் கண்ணாடி மேசையில் விரித்தார். மேசைக்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே வைக்கிற படம் வெளிச்சத்தில் துலங்கும். ஐதராபாத்திலிருந்து தபாலில் உருளையாக வந்த படம் அது. சிவகிரியிலிருந்து தென்காசி வரைக்கும் மலை முழுக்க ரத்தச் சிவப்பு. "சார், மலை பூராவும் எரியுதா?" என்று கேட்டேன்.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். சார் சிரிக்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தையும் அந்தக் கருவி சேர்த்துப் பார்க்கிறது, பச்சை இலை அந்த வெளிச்சத்தை அள்ளித் திருப்பி அனுப்பும், அதைச் சிவப்பு நிறத்தில் காட்டுவது என்று வைத்திருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். ஆக, பச்சைக் காடு சிவப்பு. எரிந்து கருகிய காடு கறுப்பு. குளத்துத் தண்ணீரும் கறுப்பு. புகை, வெளிறிய நீலம். நான் நோட்டில் எழுதி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வாய்விட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தேன். டீ வாங்கிக்கொண்டு மாடியேறி வந்த சுடலை அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பச்சையச் செவப்புங்கணும், கருப்பத் தண்ணிங்கணும். இதுக்குப் படிச்ச பிள்ளைதான் சரிப்படும். படிக்காதவன் உள்ளதைல்லா சொல்லிப்புடுவான்."

மேகம் தேடிப் போனது

இரண்டாவது மாதமே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. புதிதாக வந்த ஒரு படத்தில், புளியங்குடிக்கு மேற்கே மலைச்சரிவில் ஏழு இடத்தில் புகை இருப்பதாகக் கோடு போட்டுச் சாரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். "சரி, நேர்ல போய்ப் பாத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். ஜீப் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு நாள், ஊருக்குத் திரும்பித் திரும்பி வந்து, ஏழு இடத்துக்கும் நடந்தோம். வனக்காவலர் ஒருவர் வழிகாட்டினார். ஒரு புல்கூடக் கருகியிருக்கவில்லை. காலில் முள் ஏறியதுதான் மிச்சம்.

திரும்பி வந்ததும் சார் அதே படத்தை மறுபடி விரித்தார். ஒவ்வொரு வெள்ளைத் திட்டுக்கும் பக்கத்தில், ஒரே திசையில், அதே உருவத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. மேகத்தின் நிழல். புகைக்கு இப்படிக் கத்தரித்துப் போட்ட மாதிரி நிழல் விழாது என்றார். பிறகு ஒரே இடத்தின் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நம் கண் பார்க்கிற வெளிச்சத்தில் எடுத்தது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் எடுத்தது. மேகம் இரண்டிலும் இருக்கும். மெல்லிய புகையோ முதல் படத்தில் தெரியும், இரண்டாவதில் காணாமல் போய்விடும். அதற்கு அடியில் உள்ள மலை தெளிவாகத் தெரியும். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை நான் அப்புறம் மறக்கவே இல்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சாரைக் கேட்கவும் இல்லை. நடந்து தெரிந்துகொண்டால்தான் எனக்கு உறைக்கும் என்று அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளை நினைக்கும்போது முதலில் காதில் விழுவது, அடிவாரத்தில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று விசாரித்துவிட்டுச் சொன்னதுதான்: "போன மாசத்துல வந்த மேகத்த இந்த மாசம் வந்து தேடுதியளே தாயி, அது உங்களுக்காவ அங்கனயே நிக்குமா?"

சட்டை போடாத படம்

மலையில்தான் புகை வரும் என்றில்லை. பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு காய்ந்த குளத்துக்குள் மெல்லிய புகைக் கீற்று ஒன்று மூன்று படங்களில் தொடர்ந்து வந்தது. கண் பார்க்கிற வெளிச்சத்துப் படத்தையும் பார்க்காத வெளிச்சத்துப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சந்தேகமில்லாத புகை. போய்ப் பார்த்தால் கரிமூட்டம். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, குவித்து அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுப்பார்கள். வரிசையாகப் பதினைந்து மூட்டங்கள் இருந்தன.

எங்கள் ஜீப் குளத்துக்குள் இறங்கியதுதான் தாமதம், ஆண்கள் ஒருவர்விடாமல் கரைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கிராமத்துக்கு ஜீப்பில் ஒரு பெண் பையோடு வந்து இறங்கினால் அது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கத்தான் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். சுடலை அண்ணாச்சி கரைமேல் ஏறி நின்று, "ஏலே மக்கா, இவுக நர்ஸம்மா இல்லலே, பொகையம்மா!" என்று கத்திய பிறகுதான் ஒவ்வொருவராகத் தலை தெரிந்தது. முதலில் வந்தவர் மூட்டத்துக்காரர் செல்லையா. முழங்கால்வரை கரி. இடுப்பில் ஒரு துண்டு. அவருடைய மூட்டத்துப் புகையை ஆகாசத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள் என்று நான் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், பிறகு தன் இடுப்புத் துண்டைக் குனிந்து பார்த்தார். "படம் எடுக்கதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சட்டையப் போட்டுட்டு நின்னுருப்பேம்லா."

கோவில்பட்டிச் சம்பந்தம்

இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை உங்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். கோவில்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், எங்கள் அப்பா பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: ஆகாசத்திலிருந்து படம் வருமாம், இவள் அதைப் பார்த்து எந்த ஊரில் எங்கே புகை வந்தது என்று சொல்லிவிடுவாளாம், யார் மறைத்தாலும் மறைக்க முடியாதாம். அந்த அம்மா கையிலெடுத்த கேசரியை அப்படியே தட்டில் வைத்தார். திரும்பிப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தன் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது உள்ளே என் காதுவரைக்கும் கேட்டது: "அடுப்படியில நாம என்ன பொங்குதோம்னு இந்தப் பிள்ளை ஆபீஸ்ல இருந்தே பாத்துரும்போல, நமக்கு வேண்டாம்யா."

எலுமிச்சைக்காரர்

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரமும் தோப்பும் வைத்திருந்த ஒருவர் ஒருநாள் மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை பழம். அவருடைய தோப்புக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளை வந்துவிட்டது. அந்தப் புகையால்தான் பூவெல்லாம் கொட்டுகிறது. சூளைப் புகை தோப்பின்மேல் படிகிற மாதிரி ஆகாசப் படத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் சூளைக்காரனைக் காலி பண்ணிவிடலாம் என்றார். சார் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், முதல்முதலாக என்னைத் தேடி ஒருவர் வந்திருக்கிறாரே என்று. இருக்கிற படங்களையெல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் பார்த்தேன்.

சூளைப் புகை தெரிந்த படங்கள் மூன்றுதான். மூன்றிலும் அது தோப்புக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. அதைத்தான் சொன்னேன். "மத்த நாள்ல உங்க தோப்புமேல வந்திருக்கலாம் அண்ணாச்சி. ஆனா என்கிட்ட இருக்கிற படத்துல இல்ல. இல்லாததுக்குக் கோடு போட மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. பழப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவர், திரும்பி வந்து எங்கள் போர்டை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "கேட்டதை எழுதித் தர மாட்டேங்கியளே, இது நெசமாவே சர்க்கார் ஆபீஸ்தானா?"

தீ இறங்கிய வழி

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

ஒரு கோடையில் மலை நாலு நாள் எரிந்தது. சங்கரன்கோவில் ஊருக்குள்ளேயே மூட்டம் போட்ட மாதிரி மங்கிக் கிடந்தது. தறி ஓட்டுகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓட்டினார்கள். காயப்போட்ட துணியில் சாம்பல் வாசனை. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. தீயை அணைத்து முடித்த மறுநாள் செல்லையாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் அந்த வருஷம் பனவடலிசத்திரத்தை விட்டுவிட்டு, அடிவாரத்தில் ஒருவருடைய பட்டா நிலத்தில் மரம் வெட்டி மூட்டம் போட்டிருந்தார். முதல் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அந்த நிலத்துக்கு நேர்மேலே சரிவில் தீ தெரிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மூட்டத்திலிருந்து பொறி பறந்து மலை ஏறியிருக்கிறது என்று வனத்துறை ரேஞ்சர் கேஸ் எழுதிவிட்டார். கேட்கிற யாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் செல்லையாவின் சம்சாரம் மாரியம்மா ஆபீஸ் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்குக் குளத்துல எங்க மூட்டத்தை மேல இருந்து படம் எடுத்துருக்குன்னு காட்டுனியளே. இந்தத் தீக்கும் எடுத்துருப்பாவள்லா?"

"தெரியலம்மா. எடுத்திருந்தாலும் அதுல ஆள் தெரியாது. யாரு வச்சான்னு தெரியாது."

"ஆளு வேண்டாம். தீ எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியுமா? எங்க மூட்டத்துல இருந்துதான் போச்சுன்னா சொல்லிருங்க. நானே அவரக் கூட்டிட்டுப் போயி, தப்புதான்னு சொல்லச் சொல்லுதேன்."

நான் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே பதினாறு நாளுக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் காலை பத்து மணி வாக்கில் கடந்துபோகும். பதினாறில் ஒரு நாள். விரலை வைத்து எண்ணினேன். தீயை முதன்முதலில் சாயங்காலம் கண்ட அதே நாள் காலையில் அது வந்து போயிருந்தது. சாரிடம் ஓடிப்போய், அந்தப் படத்தை வரவழைத்துப் பார்க்கலாம் என்றேன்.

சார் உடனே சம்மதிக்கவில்லை. "வடிவு, நம்ம வேலை மேப் போடுறது. கேஸ்ல போய் நிக்கிறது இல்ல. நீ போடுற கோடு பிசகினா ஒரு ஆளு உள்ள போயிருவான், இல்ல தப்புப் பண்ணினவன் வெளிய வந்துருவான்." மேகத்துக்குக் கோடு போட்டவள் நான் என்பது இரண்டு பேருக்கும் அப்போது ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். "பிசகினா பிசகிட்டுன்னு எழுதுவோம் சார். படம் இருக்கும்போது பாக்காம இருக்கக் கூடாதுல்லா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அன்றைக்கே ஐதராபாத்துக்குத் தந்தி அடித்தார்.

படம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் செல்லையா ஜாமீனில் வந்திருந்தார். ஆனால் மரம் வெட்ட யாரும் கூப்பிடவில்லை. மாரியம்மா வாரம் தவறாமல் திங்கட்கிழமை வந்து, கீழே உரக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். நான் ஜன்னலில் நின்று, படம் இன்னும் வரவில்லையென்று தலையாட்டுவேன். போய்விடுவாள். அந்தத் தலையாட்டலைப் போல எனக்குக் கஷ்டமான வேலை அந்த ஆபீசில் வேறு இருந்ததில்லை.

உருளை வந்த நேரம் கரண்ட் இல்லை. காத்திருக்கப் பொறுக்காமல் படத்தை ஜன்னல் கண்ணாடியில் சாத்தி வைத்து, சார் இரண்டு முனையைப் பிடிக்க, சுடலை அண்ணாச்சி இரண்டு முனையைப் பிடிக்க, நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மலை உச்சிக்குச் சற்றுக் கீழே புல்வெளியில் மிளகு அளவு கறுப்பு. அதன் ஓரத்திலிருந்து புகை எழுந்து, கீழ்நோக்கி வீசும் காலைக் காற்றில் கிழக்கே வால் மாதிரி நீண்டிருந்தது. கறுப்புக்குக் கீழே சரிவு முழுக்க, அடிவாரம் வரைக்கும், வெளிறிய சிவப்பு. எரியாத காடு. அதற்கும் கீழே, பட்டா நிலத்தில், தலைமுடி மாதிரி மெல்லிய தனிக் கீற்று ஒன்று. அது செல்லையாவின் மூட்டம். தீ கீழேயிருந்து ஏறியிருந்தால், உச்சி எரியும்போது சரிவு ஏற்கெனவே கறுத்துப் போயிருக்க வேண்டும். கறுக்கவில்லை. காலை பத்து மணிக்குத் தீ உச்சியில் இருந்திருக்கிறது. சாயங்காலம் ஊர் பார்த்தது, அது இறங்கி வந்ததைத்தான். மூன்று தடவை கோடு போட்டேன். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது.

ரேஞ்சருக்குச் சார் கடிதம் எழுதினார். "ரூம்ல உக்காந்து காட்டைப் பாக்கியளோ?" என்று கேட்டவர், ஆனாலும் ஒருநாள் காலையில் எங்களோடு மலையேற வந்துவிட்டார். நான் எங்கள் அண்ணனின் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனேன். மேப்பில் இருக்கிற மொட்டைப் பாறையும் ஓடை பிரிகிற இடமும் நான் குறித்த இடத்திலேயே இருந்தன. ரேஞ்சர் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தார். தீ வேகமாக ஏறி வந்திருந்தால் மரத்தின் மேட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கருகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இங்கே எல்லா மரமும் முழங்கால் உயரத்துக்குத்தான் கருகியிருந்தது. மெல்ல இறங்கிய தீ. இருபது மரமாவது பார்த்திருப்பார். கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை, கீழே பட்டா நிலத்தைப் பார்த்தார். அந்தக் கேஸ் நிற்காது என்று அவரே மேலே எழுதினார். உச்சியில் தீ எப்படி வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. படமும் அதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பாறையில் உட்கார்ந்தபடி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இத்தனை வருஷமா கீழ நின்னு மேல பாத்தே கேஸ் எழுதிட்டேம்மா. ஒரு தடவையாவது மேல ஏறி நின்னு கீழ பாத்திருக்கணும்."

செல்லையா பார்த்த படம்

கேஸ் இல்லை என்று ஆன பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ஆபீசுக்கு வந்தார்கள். இந்தத் தடவை மாரியம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். செல்லையா சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார். அந்தப் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மேசை விளக்கைப் போட்டு, லென்ஸை அவர் கையில் கொடுத்து, உச்சியில் தீயையும் கீழே அவருடைய மூட்டத்தையும் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோதுதான் பாதி சிரிப்பு என்று தெரிந்தது. லென்ஸைத் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தா, இந்த மயிருக்கண்டி பொகைக்கா என்னைய ஜீப்புல ஏத்துனாவ?"

ஒன்றும் இல்லாத தாள்

அதற்கப்புறம் ரேஞ்சர் எங்கள் ஆபீசுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒருநாள் அவருக்காக, நான் புகைக் கோடு படியெடுத்திருந்த பழைய தாள்களைத் தேடி எடுத்தபோது, சில வருஷத்துக் கோடைத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டேன். விளக்கைப் போட்டதும் நாங்கள் இரண்டு பேரும் மேசைமேல் குனிந்தோம். வருஷம் வேறு, மாதம் வேறு. ஆனால் கோடெல்லாம் மூன்று சரிவிலேயே போய்க் குவிந்திருந்தது. கண்ட இடத்திலெல்லாம் மலை பற்றவில்லை, அந்த மூன்று இடத்திலிருந்துதான் ஒவ்வொரு தடவையும் தொடங்கி எரிந்திருக்கிறது. நான் அதைத் தனி மேப்பாகப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கோடை வருவதற்குள் ரேஞ்சர் அந்த மூன்று சரிவிலும் தீ தாண்டாதபடி அகலமாகப் புல்லைச் செதுக்கிப் பாதை எடுத்து, காவலுக்கு ஆள் போட்டார். அந்தக் கோடையில் வந்த படங்களை நான் பயந்துகொண்டேதான் பிரித்தேன். முதல் படத்தில் புகை இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் மேகம் இருந்தது. அதை நான் இப்போது தூக்கத்தில்கூட அடையாளம் காண்பேன். அந்தச் சீசனுக்கான தாளில் மலையின் எல்லைக் கோடு, வடக்கு காட்டும் அம்பு, மூலையில் டிரேசர் போடுகிற சின்னக் கையெழுத்து, ச.வ. வேறு ஒன்றும் இல்லை.

திட்டத்தைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரமாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தோம். புகை நிறைந்த தாள்களையெல்லாம் அவர் மளமளவென்று புரட்டினார். எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளின் முன்னால் மட்டும் நின்றுவிட்டார். அது அந்தக் கடைசிக் கோடைத் தாள். சார்தான் டவுனில் கொடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். எனக்கே காலையில்தான் தெரியும். "இதில் ஒன்றுமே இல்லையே, இதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். எப்போதும் மெல்லப் பேசுகிற சார் அன்றைக்கு மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எங்க வடிவு போட்ட மேப்லயே நல்ல மேப் அதுதான் சார்."

சிவகிரியிலிருந்து தென்காசி வரைக்கும் எழுகிற புகை எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று இத்தனை வருஷம் கோடு போட்டுச் சொன்ன எனக்கு, எங்கள் வீட்டு விறகடுப்புப் புகை மட்டும் நான் எந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாலும் ஏன் என் கண்ணைத் தேடியே வருகிறது என்பதை இன்றுவரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.